யெல்லோஸ்டோன் ஸ்லூ க்ரீக் முகாமில் மூன்று இரவு: சமையல், குளிர், கரடி பற்றிச் சில கேள்விகள்

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள ஸ்லூ க்ரீக் முகாமில் மூன்று இரவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் இருவர், ஒன்பது வயது மகள், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் கிளம்புகிறோம். பக்கத்து ஸ்டேட் பார்க்குகளில் டென்ட் போட்டுப் பழக்கம்தான். கிரிஸ்லி கரடியும் பைசனும் நடமாடுகிற இடம் இதுதான் முதல் தடவை.

சாம்பார், ரசம், தாளிப்பு என்று நம் சமையலை அங்கே செய்யலாமா, வாசனைக்குக் கரடி வந்துவிடுமா? ராத்திரி குளிரை அம்மா தாங்குவாரா? இருட்டில் கழிப்பறைக்கு எப்படிப் போவது? ஓநாய் பார்க்க எங்கே, எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஓடைக்கரை:

வணக்கம்ங்க. அருமையான இடமாகப் பிடித்திருக்கிறீர்கள். ஸ்லூ க்ரீக்கில் மொத்தமே 16 இடம்தான். மின்சாரம் கிடையாது, ஷவர் கிடையாது, செல்போன் சிக்னல் கிடையாது, ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதி இல்லை. அதனால்தான் அந்த அமைதி. படுத்தால் ஓடைச் சத்தம் கேட்கும், சில ராத்திரி ஊளையும் கேட்கும். கீச்சுக் குரலில் விட்டுவிட்டுக் குரைத்து ஊளையிட்டால் அது கொயோட்டி, ஓநாயைவிடச் சின்னக் காட்டு நாய். தாழ்ந்த குரலில் ஒரே இழுப்பாக நீண்டு போனால் ஓநாய். மகளுக்கு இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பயப்படாமல் காது கொடுத்துக் கேட்பாள்.

சமையலுக்கு வருகிறேன். தாராளமாகச் செய்யுங்கள். எதைச் சமைக்கலாம், எதைச் சமைக்கக் கூடாது என்று அங்கே விதியே இல்லை. சமைத்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் போவதைத்தான் விதி தடுக்கிறது. கரடியின் மூக்குக்குச் சாம்பாரும் ஒன்றுதான், பிஸ்கட்டும் ஒன்றுதான், பற்பசையும் ஒன்றுதான்.

கையில் வைத்துப் பயன்படுத்தாத நேரத்தில், பகலானாலும் இரவானாலும், இவையெல்லாம் காருக்குள் கண்ணாடி ஏற்றிப் பூட்டியோ, முகாமில் இருக்கும் இரும்புக் கரடிப் பெட்டிக்குள்ளோ இருக்க வேண்டும்: சாப்பாடு, கூலர் என்கிற ஐஸ் பெட்டி (காலியாக இருந்தாலும்), அடுப்பு, கழுவிய பாத்திரம், தட்டு, கரண்டி, தண்ணீர் கேன், பக்கெட், பாத்திரம் கழுவும் டப், குப்பை, சோப்பு, ஷாம்பு, பற்பசை, க்ரீம். பலரும் தவறுவது கழுவிய பாத்திரத்திலும் காலி கூலரிலும்தான். கழுவியாயிற்றே என்று மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போய்விடுவார்கள். கூலரைக் கண்ணால் பார்த்ததுமே அதற்குள் சாப்பாடு இருக்கும் என்று கற்றுக்கொண்ட கரடிகள் உண்டு.

கரடிப் பெட்டியின் தாழ்ப்பாள் சாதாரணக் கொக்கி அல்ல. கைப்பிடிக்கு மேல் ஒரு தகடு வளைந்திருக்கும். விரல்களை அதற்குள் விட்டு உள்ளே இருக்கும் நெம்புகோலை அழுத்தினால்தான் கதவு வரும். கரடியின் நகம் அந்த இடுக்குக்குள் போய் மடங்காது என்பதுதான் சூட்சுமம். மூடும்போது இரண்டு கதவும் 'க்ளிக்' என்று விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். ஒரு துணி நுனி மாட்டிக்கொண்டாலும் தாழ் பிடிக்காது.

தாளித்த வாணலியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். சூடு ஆறுவதற்குள் பேப்பர் டவலால் எண்ணெயை ஒற்றித் துடைத்து, அந்தத் தாளை ஜிப்லாக்கில் போட்டுக் குப்பையில் சேருங்கள். பிறகு கழுவ அரை லிட்டர் தண்ணீர் போதும். அந்தத் தண்ணீரையும் வடிகட்டி, பருப்பு, கடுகு, கறிவேப்பிலையைக் குப்பையில் போட்டுவிட்டு, நீரை முகாமில் அதற்கென்று காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஊற்றுங்கள். ஓடையில் வேண்டவே வேண்டாம். முருங்கைக்காய் சக்கை, எலுமிச்சைத் தோல், வாழைப்பழத் தோல் எதையும் நெருப்புக் குழியில் போடக் கூடாது. பாதி எரிந்து, அடுத்து வருபவரின் டென்டுக்கு முன்னால் வாசனை வீசிக்கொண்டு கிடக்கும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், அந்தப் பார்க்கின் வரலாறு அப்படி. அந்தக் காலத்தில் ஓட்டல் குப்பைமேட்டுக்குக் கரடி வருவதைப் பெஞ்சு போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், சாலையோரம் கார் கண்ணாடி வழியாகக் கையில் ஊட்டினார்கள். 1931 முதல் 1969 வரை வருடத்துக்குச் சராசரியாக 48 பேர் கரடியால் காயப்பட்டார்கள். 1970-க்குள் திறந்த குப்பைமேடுகளை மூடி, சாப்பாட்டைப் பூட்டி வைக்கும் விதியையும் இறுக்கிய பிறகு, இன்று அது வருடத்துக்கு ஒருவர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி மறுபடி மறுபடி முகாமுக்கு வரும். கடைசியில் அதைக் கொன்றுவிட வேண்டியதாகிவிடும். நாம் மேசையில் மறந்துவிட்ட ஒரு டப்பாவுக்காக ஒரு கரடி சாகக் கூடாதுங்க.

இன்னொன்று. இரவுச் சாப்பாட்டைச் சூரியன் மறைவதற்குள், அந்த வாரத்தில் எட்டு மணிக்குள், முடித்துவிடுங்கள். இருட்டில் சுத்தம் செய்தால் மேசைக்கு அடியில் என்ன சிந்தியது என்று தெரியாது. சமைத்த உடுப்போடு படுக்காதீர்கள். மாற்றிக்கொண்டு, அதைக் காரில் போட்டுவிட்டு டென்டுக்குள் போங்கள்.

அடுப்பங்கரை:

மேலே சொன்னது அத்தனையும் சரி. அடுப்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

கொரியன் கடைகளில் கிடைக்கும் தட்டையான ஒற்றை அடுப்பு, ஸ்ப்ரே டப்பா மாதிரி நீளமான பியூட்டேன் கேஸ் போடுவது, நம்மவர்கள் பலர் வீட்டில் இருக்கிறது. அதை நம்பிப் போகாதீர்கள். பியூட்டேன் கொதிப்பதே மைனஸ் அரை டிகிரி செல்சியஸில். விடியற்காலையில் வெளியே குளிர் ஒன்று, இரண்டு டிகிரியில் நிற்கும்போது டப்பாவுக்குள் திரவம் இருக்கும், வாயுவாக மாறாது. குலுக்கினால் தளும்பும், பற்றவைத்தால் சுடர் நாக்கு மாதிரி மஞ்சளாக எழுந்து அணைந்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். ஆகவே பச்சை நிற 16.4 அவுன்ஸ் புரொப்பேன் சிலிண்டர் மாட்டும் இரட்டை அடுப்புதான் சரி. இரண்டு பர்னரும் முழு வேகத்தில் எரிந்தால் ஒரு சிலிண்டர் சுமார் ஒரு மணி நேரம் வரும். நான்கு பேர், மூன்று இரவு, காலையும் இரவும் சமையல், நடுவில் காபி என்றால் மூன்று சிலிண்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கூடுதலாக இருந்தாலும் நல்லது. காற்றுத் தடுப்பு மூன்று பக்கமும் நிற்கட்டும். முகாம் இருக்கும் லமார் பள்ளத்தாக்குப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பும். தடுப்பில்லாமல் வைத்தால் கேஸில் பாதி காற்றோடு போய்விடும்.

அடுத்தது உயரம். முகாம் சுமார் 6,250 அடியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் சுமாருக்கே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்தால் வெகுநேரம் நடுவில் வெள்ளைப் பொட்டோடு கிடக்கும். 3 லிட்டர் குக்கர் ஒன்று கட்டாயம். 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் குக்கர் நேரத்தை 5 சதவீதம் கூட்டுவது வழக்கமான கணக்கு. சால்ட் லேக்கே 4,200 அடியில் இருப்பதால் உங்கள் கைப்பழக்கத்தில் பாதிக் கணக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. வீட்டில் வைப்பதைவிட ஒரு விசில் கூட விடுங்கள், அவ்வளவுதான். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் கேஸும் மிச்சம். பாசிப்பருப்பு என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

வழியில் மலைக்கணவாய் ஏறுவீர்கள். காற்றழுத்தம் குறையும்போது மூடிய டப்பாக்கள் உப்பும். தயிர் டப்பா மூடி தெறித்துக் கூலர் முழுக்கத் தயிராவது அடிக்கடி நடப்பது. இட்லி மாவு கொண்டுபோனால் பாட்டிலில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். புளிக்கும் வாயு ஒரு பக்கம், உயரம் ஒரு பக்கம். வெஸ்ட் யெல்லோஸ்டோனில் நிறுத்தும்போது எல்லா மூடியையும் ஒரு முறை திறந்து மூடுங்கள்.

என் யோசனை: மூன்று நாளும் முழுச் சமையல் வேண்டாம். வீட்டிலேயே வறுத்துத் தாளித்த ரவை, ஊறப்போட்டுக் கிளறும் அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. ஒரு வேளைக்கு மட்டும் சாம்பார். தாளிப்பை வீட்டிலேயே முடித்துவிட்டால் முகாமில் எண்ணெய் தெறிக்காது, துடைக்க வேண்டிய பாத்திரமும் பாதியாகும்.

டென்டுக்குள்ளோ அதன் முன்கூரையின் கீழோ அடுப்பு பற்றவைக்காதீர்கள், மழை பெய்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரியாமலே ஆளைக் கொல்லும். அதோடு டென்ட் துணியில் ஏறிய சமையல் வாசனை மூன்று நாளும் போகாது.

பனிமலை:

குளிர் விஷயம். அந்த வாரம் பகலில் 70 டிகிரி பாரன்ஹீட் தொடும், சட்டையோடு உட்காரலாம். சூரியன் இறங்கியதும் மளமளவென்று விழுந்து, விடியலுக்கு முன் 35 பக்கம் நிற்கும். உறைபனி விழுந்தாலும் ஆச்சரியமில்லை, யெல்லோஸ்டோனில் எந்த மாதத்திலும் பனி விழலாம்.

ஸ்லீப்பிங் பேக் உறையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல பைகளில் அது 'லிமிட்' எண், அதாவது சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம் என்பதற்கான அளவு. 'கம்ஃபர்ட்' என்று சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கும், பத்து டிகிரி பாரன்ஹீட் சுமாருக்கு மேலே. குளிர் சட்டென்று உறைப்பவர்களுக்கு அந்த எண்தான் கணக்கு. அம்மாவுக்குக் கம்ஃபர்ட் 20 டிகிரி உள்ள பை எடுங்கள். உங்களுக்கும் மகளுக்கும் கம்ஃபர்ட் 30 போதும்.

பையைவிட முக்கியம் கீழே போடுவது. வீட்டில் விருந்தாளிக்கு ஊதிப் போடும் பெரிய காற்று மெத்தை இங்கே உதவாது. உள்ளே இருக்கும் காற்று தரையோடு சேர்ந்து சில்லிட்டு, முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே நான்கு கம்பளி போர்த்தினாலும் நடுங்குவதற்குக் காரணம் அதுதான். ஆர் மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் அளவு) 4-க்கு மேல் உள்ள பேட் வேண்டும். அது இல்லாவிட்டால் காற்று மெத்தைக்கு மேலே, கவனிக்கவும், மேலே, மடிக்கிற ஃபோம் பாய் ஒன்றை விரியுங்கள்.

அம்மாவுக்குத் தரைப் படுக்கை வேண்டாம். முழங்கால் வலியோடு தரையிலிருந்து எழுவதுதான் ராத்திரியில் பெரிய பாடு. 16 முதல் 18 அங்குல உயரமுள்ள மடக்குக் கட்டில் வாங்குங்கள், நாற்காலியிலிருந்து எழுவது மாதிரி எழலாம். கட்டிலுக்கு அடியில் காற்று ஓடும் என்பதால் அதன் மீதும் ஃபோம் பாய் போட வேண்டும். கட்டில் கால்கள் டென்ட் தரையைக் கிழிக்காமல் ஒவ்வொன்றின் கீழும் ஒரு பழைய டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டுங்கள். டென்ட் உயரம் ஆள் நிற்கிற அளவு இருந்தால்தான் கட்டில் பயன்படும்.

ரப்பர் வெந்நீர் ஒத்தடப் பை இருந்தால் மறக்காமல் எடுங்கள். படுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் பையின் கால் பக்கம் போட்டுவிட்டால், உள்ளே நுழையும்போதே கதகதப்பாக இருக்கும். மங்கி குல்லா, உலர்ந்த கம்பளி சாக்ஸ். பகலில் போட்ட சாக்ஸோடு படுக்காதீர்கள், வியர்வை ஈரம் போதும் பாதம் சில்லிட.

குளிருக்குப் பயந்து டென்டின் காற்றுத் துவாரங்களை அடைத்துவிடுவார்கள். நான்கு பேர் மூச்சுவிடும் ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கோத்து, விடியலில் மழை மாதிரி சொட்டி ஸ்லீப்பிங் பேக்கை நனைக்கும். மேல் துவாரம் கட்டாயம் திறந்திருக்கட்டும்.

காவிரிக்கரை:

மிக்க நன்றி, ஒத்தடப் பை அம்மாவிடமே இருக்கிறது! இரண்டு சந்தேகம். அம்மா ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தடவாமல் படுக்க மாட்டார், தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேறு. இவற்றையும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டுமா? கூட வேலை செய்பவர் ஒருவர், பியர் ஸ்ப்ரேயை, அதாவது கரடியைத் தடுக்கும் ஸ்ப்ரேயை, டென்டைச் சுற்றிலும் அடித்துவிட்டால் கரடி கிட்டே வராது என்கிறார். சரியா?

காட்டுவழி:

ஸ்ப்ரே பற்றி உங்கள் நண்பர் சொன்னது ஆபத்தான தவறு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கொசு மருந்து மாதிரி டென்டிலோ, உடம்பிலோ, தரையிலோ அடிக்கக் கூடாது. அதில் இருப்பது மிளகாயின் காரச் சத்து. காற்றில் மேகமாகப் பரவி நேராகக் கரடியின் கண்ணிலும் மூக்கிலும் ஏறினால்தான் வேலை செய்யும். தரையில் காய்ந்த பிறகு காரம் போய் வாசனை மட்டும் மிஞ்சும். அந்த வாசனையைத் தேடிக் கரடி வந்து முகர்ந்து, புரளவும் செய்யும்.

முறை இதுதான். பெரியவர்கள் இருவரும் ஆளுக்கு ஒன்று, இடுப்பு பெல்ட்டில். முதுகுப் பைக்குள் வைத்தால் இல்லாததற்குச் சமம். லேபிளில் கரடிக்கு என்று எழுதி, ஈ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) பதிவு எண் இருக்க வேண்டும். மனிதர்களுக்கான சின்ன பெப்பர் ஸ்ப்ரே உதவாது. காலாவதித் தேதியைப் பாருங்கள். கரடி உங்களை நோக்கிப் பாய்ந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பாதுகாப்பு க்ளிப்பைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, கொஞ்சம் தாழ்த்திக் குறிபார்த்து, 60 அடி தூரத்திலிருந்தே இரண்டு மூன்று விநாடி அழுத்துங்கள். மேகம் சுவராக எழும். கரடி அதற்குள் ஓடி வர வேண்டும் என்பதுதான் கணக்கு. முகத்துக்கு நேராகக் குறிவைத்தால் மேகம் அதன் தலைக்கு மேலே போய்விடும். ஒரு டப்பாவில் மொத்தமே சில விநாடிகளுக்குத்தான் மருந்து. வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டில் விடாதீர்கள், 120 டிகிரி பாரன்ஹீட் தாண்டினால் வெடிக்கலாம். அம்மா பிறகு ஊருக்கு விமானம் ஏறும்போது எந்தப் பெட்டியிலும் இது போகக் கூடாது, கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி.

தைலமும் எண்ணெயும்: பாட்டில்கள் இரண்டும் பெட்டிக்குள் அல்லது காருக்குள். தடவிக்கொள்வதை மாலை ஆறு ஆறரைக்கு, காரில் உட்கார்ந்து முடித்துவிடச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் அந்த மூன்று நாளைக்கு வேண்டாம் என்பேன். தலையணை உறையில் ஊறிவிட்டால் அதை டென்டிலிருந்து பிரிக்க முடியாது. வலிக்கு ராத்திரியில் கட்டாயம் தேவை என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் வாசனையில்லாத வலிநீக்கி க்ரீமைப் பகலிலேயே வாங்கி வைத்து, அதையும் படுக்கைக்கு முன் தடவிவிட்டுக் காரில் பூட்டுங்கள். வெற்றிலை பாக்கு, இருமல் மிட்டாய், மகளின் பையிலிருக்கும் சூயிங்கம் எல்லாம் இதே கணக்குதான். மகளின் ஜாக்கெட் பாக்கெட்டை ஒவ்வொரு ராத்திரியும் நீங்களே தடவிப் பாருங்கள்.

உண்மையில் உங்கள் முகாமுக்குள் அடிக்கடி வரப் போவது கரடியைவிடப் பைசன்தான். நம்மூரில் முதுமலைப் பக்கம் பைசன் என்று வழக்கில் சொல்வது காட்டுமாடு. இது வேறு விலங்கு. பெரிய காளை 900 கிலோ வரை இருக்கும், மணிக்கு 35 மைல் ஓடும். மேய்ந்துகொண்டு சாதுவாக நிற்பதால் கிட்டே போகிறார்கள். யெல்லோஸ்டோனில் மனிதர்களை அதிகம் காயப்படுத்திய விலங்கு இதுதான், கரடி அல்ல. 25 கெஜம் விலகி நிற்க வேண்டும் என்பது சட்டம், இரண்டு பஸ் நீளம் என்று மகளுக்குச் சொல்லுங்கள். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம். பைசன் உங்களை நோக்கி நடந்து வந்தால் விலக வேண்டியது நீங்கள்தான். வாலைப் பாருங்கள். தொங்கி ஆடிக்கொண்டிருந்தால் அமைதி. கேள்விக்குறி மாதிரி மேலே தூக்கிவிட்டால் உடனே காருக்குப் பின்னால் போய்விடுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை இனச்சேர்க்கைக் காலம். நீங்கள் போகும்போது அது பெரும்பாலும் அடங்கியிருக்கும், ஆனால் தனிக் காளைகள் ஓடைக்கரையில் திரியும்.

டென்ட் போடும்போது உங்கள் இடத்துக்குள்ளேயே புல் இல்லாமல், பத்தடி அகலத்தில் கிண்ணம் மாதிரி குழிந்து, மாவு போன்ற புழுதி நிறைந்த வட்டம் இருந்தால் அதன் மேல் போடாதீர்கள். பைசன் புரள்கிற குழி அது, அதற்குப் பழகிய இடம். புல்லில் ஒற்றையடிப் பாதை ஓடையை நோக்கிப் போனால் அதையும் மறிக்காதீர்கள். இழுப்புக் கயிறுகளைக் கூடியவரை குட்டையாகக் கட்டி, வெளிர் நிறத் துணி முடிந்து வையுங்கள். இருட்டில் பைசனின் கால் கயிற்றில் மாட்டினால் டென்டும் கூடவே போகும்.

கழிப்பறை: தண்ணீர் இல்லாத குழிக் கழிப்பறைதான், உட்காரும் வகை. கை கழுவத் தண்ணீரும் சானிடைசரும் உங்களுடையது. ராத்திரி யாரும் தனியாகப் போக வேண்டாம். ஜிப்பைத் திறந்ததும் வெளியே காலெடுத்து வைக்காமல், நெற்றி விளக்கை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். படுத்திருக்கும் பைசன் இருட்டில் பாறை மாதிரியே இருக்கும். கண்கள் மின்னினால்தான் தெரியும், முகத்தைத் திருப்பியிருந்தால் அதுவும் தெரியாது. பகலில் இல்லாத பாறை ராத்திரியில் இருந்தால் அது பாறை அல்ல. வழியில் நின்றால் காத்திருங்கள், அவசரம் என்றால் காரில் ஏறி அங்கே போங்கள். அதற்காகவே காரை டென்டின் வாசலுக்குச் சில அடி தூரத்தில் நிறுத்தி, சாவியை அம்மா கைக்கு எட்டும்படி வையுங்கள். நடக்கும்போது சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போனால் விலங்குகள் திடுக்கிடாது.

நடைபாதையில் கிரிஸ்லியை எதிர்கொண்டால் ஓடாதீர்கள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். திடுக்கிட்ட கரடி தொட்டுவிட்டால் குப்புறப் படுத்துப் பிடரியைக் கைகளால் மூடி அசையாமல் கிடக்க வேண்டும். ஆனால் ராத்திரியில் டென்டுக்குள் புகுந்தால் கதை வேறு. அப்போது செத்த மாதிரி கிடக்கவே கூடாது, ஸ்ப்ரே, கத்தல், கையில் கிடைப்பது எதுவானாலும் போராட வேண்டும். ஸ்ப்ரே டென்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் இருக்கட்டும்.

ஓநாய்க்கு இது உச்சகாலம் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோடையில் எல்க் மான்கள் மேட்டுக்கு ஏறிவிடும், ஓநாய்களும் பின்னால் போகும். ஆனாலும் நீங்கள் தங்கும் இடம் லமார் பள்ளத்தாக்கின் வாசல். 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்ட 31 ஓநாய்களின் வம்சம் முதலில் வேர்பிடித்தது இந்தப் பக்கம்தான். சூரியன் 6.40 சுமாருக்கு எழும். ஆறு மணிக்கே நெடுஞ்சாலை ஓர நிறுத்தத்தில் நில்லுங்கள். விலங்கைத் தேடுவதைவிட, பெரிய டெலஸ்கோப்போடு வரிசையாக நிற்கும் ஆட்களைத் தேடுவது சுலபம். பணிவாகக் கேட்டால் மகளுக்குக் காட்டுவார்கள். உங்களிடம் 8x42 பைனாகுலர் இருந்தால் போதும். அண்டங்காக்கைகள் ஒரே இடத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் அங்கே செத்த விலங்கு கிடக்கலாம், அந்த இடத்திலேயே பார்வையை வைத்திருங்கள். அந்தக் காக்கைகளிடம் உங்கள் பையும் ஜாக்கிரதை, அலகால் ஜிப் திறக்கக் கற்றவை.

நெடுஞ்சாலை:

வழி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. சால்ட் லேக்கிலிருந்து ஐடஹோ ஃபால்ஸ் வழியாக வெஸ்ட் யெல்லோஸ்டோன் சுமார் 320 மைல், ஐந்து மணி நேரம். அங்கிருந்து பார்க்குக்குள் மேடிசன் 14 மைல், நாரிஸ் 14, மாமத் 21, டவர் 18. அதற்கு மேல் வடகிழக்கு வாசல் சாலையில் ஆறு மைல் சுமார் போனால் இடப்பக்கம் ஸ்லூ க்ரீக் பிரிவு, பிறகு இரண்டு மைலுக்குச் சற்று மேல் மண்சாலை. மழை பெய்தால் மேடுபள்ளமாகும், சாதாரணக் கார் மெதுவாகப் போகலாம். இந்த 75 மைலுக்கே மூன்று மணி நேரம் வையுங்கள். வேக வரம்பு 45 மைல், பைசன் மந்தை சாலையில் நின்றுவிட்டால் அரை மணி போய்விடும். நாரிஸிலிருந்து மாமத்துக்குப் பதில் கேன்யன் வழி போனால் எட்டு மைல் குறைவு, ஆனால் 8,859 அடி டன்ரேவன் கணவாய் ஏறி இறங்க வேண்டும். அம்மாவுக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளாது என்றால் மாமத் வழியே நல்லது. வெளிச்சத்தில் டென்ட் போட வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

பெட்ரோலை வெஸ்ட் யெல்லோஸ்டோனில் முழுக்க நிரப்புங்கள், மாமத்திலும் டவர் சந்திப்பிலும் பங்க் உண்டு. தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் மூன்று நாளைக்கு 48 லிட்டர். ஏழு கேலன் கேன் இரண்டு சரியாக இருக்கும். நிறைந்த கேன் 26 கிலோ, தூக்கி இறக்காதீர்கள். டிக்கியிலேயே குழாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மேப்பையும் பார்க் சர்வீஸ் ஆப்பையும் ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள், மாமத்தைத் தாண்டினால் சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம். விறகைச் சால்ட் லேக்கிலிருந்து ஏற்றாதீர்கள். விறகோடு மரப்புழுக்களும் பயணம் செய்யும், பார்க் பக்கத்து ஊர்களில் வாங்குங்கள். ஆகஸ்ட் கடைசியில் காட்டுத்தீ அபாயத்தால் நெருப்புக்குத் தடை போட்டிருக்கலாம். முகாம் வாசல் பலகையைப் படித்துவிட்டுப் பற்றவையுங்கள். தடை இருக்கும்போது சமையலுக்குப் புரொப்பேன் அடுப்பை அனுமதிப்பதுதான் வழக்கம், இருந்தாலும் பலகையில் அதையும் பாருங்கள்.

குளிக்க வேண்டுமானால் கேன்யனில் காசு கொடுத்துக் குளிக்கலாம், டவரிலிருந்து 19 மைல். நடுவில் ஒரு நாள் அருவியைப் பார்க்கப் போகும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கட்டிலும் புரொப்பேன் அடுப்பும் ஆர்டர் செய்தாயிற்று. எங்களுக்கு முதல் இரவு மட்டும் வேறு எண் இடம், அடுத்த இரண்டு இரவு இன்னொரு இடம். நடுவில் டென்டைப் பிரித்து மாற்ற வேண்டுமா?

ஓடைக்கரை:

ஆமாம்ங்க, மாற்றித்தான் ஆக வேண்டும், முந்தின ஆள் காலி செய்த பிறகு. முகாம் இடம் பதிவுசெய்யும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஒரு பகுதி இடங்களை இரண்டு வாரம் முன்புதான் திறப்பார்கள், மலைப்பகுதி நேரம் காலை எட்டு மணிக்கு. அதற்குப் பிறகும் ரத்தாகும் இடங்கள் வந்துகொண்டே இருக்கும். உங்கள் இரண்டாவது இடத்தின் எண்ணுக்கு முதல் இரவும் காலியாகிறதா என்று தினமும் ஒரு முறை பாருங்கள், கிடைத்தால் பழையதை ரத்து செய்துவிடலாம். கிடைக்காவிட்டால் முதல் ராத்திரிக்குப் பெரிய டென்டைப் போடாதீர்கள், கட்டிலும் அது கொள்கிற உயரத்தில் சின்ன டென்டும் போதும். மாறும்போது பழைய இடத்தின் கரடிப் பெட்டியை டார்ச் அடித்து மூலை வரை பார்த்துவிட்டு வாருங்கள். பின்பக்கம் உருண்டு போன வெங்காயம் அடிக்கடி அங்கேயே தங்கிவிடும்.